இடது மூலையில் ஓர் உள்ளங்கை வெறுமை

பயண நாள் 188. காலை, விளக்கு ஏற்றிய பின்

இன்று இலைகளில் முத்து இல்லை.

வழக்கமாக விளக்கு எரிந்து சற்று நேரத்தில் தொட்டித் தண்ணீருக்குள் இலை நுனிகளில் வெள்ளைக் குமிழிகள் உட்கார்ந்திருக்கும். செடி நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இன்று ஒன்றுகூட இல்லை. தண்ணீர் தெளிவு. சூடு சரி. இறால்கள் ஐந்தும் உயிரோடு. விளக்கு எட்டு மணி நேரம், மாற்றமில்லை.

சிலிண்டரைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் கிடந்தது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, செடிக்கு வைத்திருந்த கரியமில வாயு முழுவதும் கசிந்துவிட்டது. வேறு சிலிண்டர் இல்லை.

இந்த அறைக்கு அடுத்து வருகிறவருக்காக எழுதுகிறேன். என் பெயர் ஜெரோமினா. வயது பதினாறு. எங்கள் தோணி விண்வெளியில் பனிப்பாறை இழுக்கிறது. நீண்ட கம்பியின் நடுவில் பாறை, முன்முனையில் ஓர் அறை, பின்முனையில் இந்த அறை. எல்லாம் சேர்ந்து சுழல்வதால்தான் எங்களுக்குக் கொஞ்சம் எடை இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் நிற்கிறது. முன்னறையில் அம்மா லூர்தம்மாள். அவள்தான் தண்டல், தோணியின் தலைமை. கூட அவள் தம்பி இன்னாசி மாமா. இரு முனையும் ஈடாக நிற்க, பின்னறையிலும் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். அது நான்.

ரேடியோப் பள்ளியில் எட்டாவதோடு நின்றுவிட்டேன். பாடத்தை வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும், எல்லாத் தோணிக்காரர்களும் கேட்பார்கள். என்னால் முடியவில்லை. சான்றிதழ் கேட்காத ஓர் இடம்தான் எனக்குத் தெரியும். சபூரா அக்காவின் தோட்டக்கூடம். நாலு வாரத்தில் எங்கள் தோணி அங்கே நிற்கும். அவர்கள் ஆள் எடுக்கும் முறை வேறு. சொந்த அறையில், சொந்தத் தொட்டியில், தண்ணீருக்கடியில் தரையை மூடிப் படரும் கார்பெட் செடி வளர்த்துக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு அதைப் பாய் போலத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரே பாயாக எழுந்தால் வேலை. துண்டு துண்டாக வந்தால் அடுத்த சுற்று. எங்கள் தோணிக்கு அடுத்த சுற்று என்பது மூன்று வருடம்.

என் தொட்டி இரண்டு சாண் நீளம். செடியின் பெயர் மான்டி கார்லோ, மிளகளவு வட்ட இலை. இடுக்கியால் கொத்துக் கொத்தாக நானே நட்டேன். இடது மூலையில் ஓர் உள்ளங்கை அளவு இன்னும் வெறும் மண். வாயு இல்லாமல் அது மூடாது.

பயண நாள் 189. முன்னறையோடு பேச்சு

சிலிண்டர் போன செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். நான் எப்போதும் எழுதித்தான் அனுப்புவேன். அவர்கள் பேசுவார்கள்.

மாமா: “பாய்தான வேணும்? என் பாய எடுத்துட்டுப் போட்டி. ஓரம் நைஞ்சு கெடக்கு, ஆனா தூக்குனா ஒரே பாயா வரும்.”

அம்மா: “வெளையாடாத இன்னாசி. ஏட்டி ஜெரோமி, செடிதான, போனாப் போவுது. ஒனக்கு இங்கன என்ன கொறச்சல்? அந்த முனைக்கு ஆளு வேணும்லா?”

நான் எழுதியது: “ஒரு எடக்கல்ல கட்டி வச்சாலும் இந்த முனை நிக்கும்மா.”

அம்மா: “வாயத் தொறக்காதவ எழுதுறதப் பாத்தியா?”

தொடர்பை நான்தான் முதலில் துண்டித்தேன். கண்ணாடியில் இழைப்பாசி வந்திருக்கிறது, முடி போல. செடி பலவீனமாகிவிட்டால் பாசிக்குத் தெரிந்துவிடும்.

பயண நாள் 191. மதியம்

ஸ்க்ரப்பரின் ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். நான் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஒரு முழம் தள்ளி, அதே வாயு இல்லாமல் செடி பட்டினி கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவிட்ச்.

கையேட்டில் படித்தது: காற்றில் அது இரண்டு சதவீதம் இருந்தால் தலை வலிக்கும். மூன்றைத் தாண்டக்கூடாது. ஐந்தை நெருங்கினால் என்ன செய்கிறோம் என்றே தெரியாது. ஆக்சிஜன் தனிக் குழாயில் வருவதால் அதற்குக் குறைவில்லை.

செய்தது: ஸ்க்ரப்பரை விளக்கின் டைமரோடு சேர்த்துக் கட்டினேன். விளக்கு எரிந்தால் ஸ்க்ரப்பர் நிற்கும். விளக்கு அணைந்தால் ஓடும். தொட்டிக்கு வாயு விடுகிற எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் திறப்பார்கள். ஏர் பம்ப்பின் குழாயைத் தொட்டிக்குள் விட்டேன். இனி அறைக் காற்றில் ஏறுவது தண்ணீரிலும் ஏறும்.

தொட்டிக்குள் சிறு கண்ணாடிக் குடுவை ஒன்று ஒட்டியிருக்கிறது. அதிலுள்ள திரவம், வாயு குறைவாக இருந்தால் நீலம், போதுமானால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். இப்போது நீலம்.

இந்த அறை மிகச் சிறியது. நல்லதாகப் போயிற்று.

பயண நாள் 195. விளக்கு அணையும் முன்

பச்சை.

முத்துகள் திரும்ப வந்துவிட்டன. சில இலையை விட்டுக் கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகின்றன. நெற்றியைச் சுற்றி இறுக்கமான துணி கட்டியது போல வலி. தண்ணீர் குடித்தேன். பரவாயில்லை.

அம்மாவின் கட்டுப்பாட்டுப் பலகையில் என் அறைக் காற்றின் அளவு தெரியும். எப்படியும் பார்ப்பாள் என்று தெரியும்.

அம்மா: “ஏட்டி, ஒன் காத்து என்ன ரெண்டுக்கு மேல காட்டுது? ஸ்க்ரப்பர் கெட்டுப்போச்சா?”

நான்: “கெடல. நான்தான் நிறுத்துறேன். செடிக்கு.”



அம்மா: “கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? அவனவன் மூச்சுக்கு அலையுதான், இவ புல்லுக்கு மூச்சுக் குடுக்கா! இந்தா, நான் இங்கேருந்தே போட்டுவிடுதேன்.”

போட்டும் விட்டாள். ஸ்க்ரப்பர் தானாக ஓடத் தொடங்கியது. குடுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

சுவர் மூடியைக் கழற்றி, முன்னறைக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். இனி அவளுக்கு என் காற்று தெரியாது, தொடவும் முடியாது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். பிடுங்கியது நான்தான். மறுபடி பிடுங்கச் சொன்னாலும் பிடுங்குவேன்.

பயண நாள் 201. காலை

வெறும் மண்ணுக்குள் மூன்று கொடிகள் இறங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் வேர். பாசி பின்வாங்குகிறது, மிச்சத்தை இறால்கள் மேய்கின்றன. உள்ளங்கை இப்போது நாலு விரல்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மாமா மட்டும் கூப்பிட்டார்.

மாமா: “அக்கா பாறையக் கட்டுன கம்பியப் பாக்கப் போயிருக்கு. சீக்கிரம் சொல்லு, எத்தன விரலு?”

நான்: “நாலு.”

மாமா: “ஏ சவத்து மூதி, இன்னும் நாலா! பின்னாலதான் மண்டிக் கெடக்குல்லா, ரெண்டு கொத்துப் புடுங்கி முன்னால சொருவு. யாரு பாக்கா?”

நான்: “சொருவுனது வேர் புடிக்காது மாமா. தூக்குனா உதுந்துரும்.”

மாமா: “அதுஞ் சரிதான். அக்கா வருது, வச்சிருதேன்.”

பயண நாள் 206. காலை

இன்னும் இரண்டரை விரல். போய்ச் சேர பத்து நாள். இந்த வேகம் போதாது.

விளக்கைக் கூடுதல் நேரம் எரிய விடப்போகிறேன். எட்டு மணியைப் பதினாலாக்கினேன். பாசி திரும்ப வரலாம். வரட்டும், கையால் எடுப்பேன்.

பயண நாள் 207. விளக்கு எரிகிறது

இறால்கள் மேலே வந்துவிட்டன. ஐந்தும் ஏர் பம்ப்பின் குழாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் விளிம்பில் தொங்குகின்றன. தண்ணீரில் ஏதோ கோளாறு. பாதித் தண்ணீரை மாற்றினேன். மாற்றிய பிறகும் அங்கேயே தொங்குகின்றன.

தலைவலி. சாப்பிடவில்லை. முத்துகள் அழகாக இருக்கின்றன. இவ்வளவு முத்து நான் பார்த்ததே இல்லை.

207. அதே நாள்

இறால்கள் மேலே வந்துவிட்டன. தண்ணீரில் ஏதோ கோளாறு.

இதை முன்பே எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

யாரோ ஓடிவந்து நின்றவர் மாதிரி மூச்சு வாங்குகிறார்கள். காது கொடுத்துக் கேட்டேன். அறையில் நான் மட்டும்தான்.

குடுவை மஞ்சள். எலுமிச்சம்பழம் போல. அறை அளவைப் படித்தேன். நாலரை. திரும்பப் படித்தேன். நாலரை.

டைமர். விளக்கும் ஸ்க்ரப்பரும் ஒரே டைமர். விளக்கைக் கூட்டினேன், ஸ்க்ரப்பரைக் குறைத்துவிட்டேன். வாயு கூடினால் சிலிண்டரை மூடலாம். இங்கே சிலிண்டர் நான். என்னை எப்படி மூடுவது

207.

விளக்கை அணைத்தேன். ஸ்க்ரப்பர் ஓடவில்லை. சிவப்பு எழுத்து வந்தது: நெடுநேரம் நின்றதால் பூட்டப்பட்டது, தண்டல் பலகையிலிருந்து திறக்கவும். பலகைக்குப் போகும் கம்பி சுவரில் தொங்குகிறது. நான் பிடுங்கியது.

விண் உடுப்பை மாட்டப் பார்த்தேன். கை நுழையவில்லை. எது இடது கை

ரேடியோவை அழுத்தினேன். எழுத விரல் நிற்கவில்லை. வாயால் சொன்னேன். “அம்மா. பூட்டிக்கிச்சு.”

அம்மா: “ஜெரோமி! இந்தா, கம்பிய மாட்டு. மாட்டுனாத்தான நான் தொறக்க முடியும்!”

மாமா: “அக்கா நான் போறேன், அங்க போறேன்.”

அம்மா: “நீ போய்ச் சேர அரை நாளாவும்லே, நில்லு அங்கன. ஏட்டி, கேக்கியா? மாட்டுட்டி. மாட்டிட்டுச் செடியக் கட்டிக்கிட்டு அழு, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். மாட்டு!”

முனை ஊசி மாதிரி மெல்லியது. துளை தெரியவில்லை. கை ஆடியது. மூன்று தடவை விழுந்தது. நட வைத்திருந்த இடுக்கியை எடுத்தேன். இடுக்கி பிடித்தால் என் கை ஆடாது. மண்ணுக்குள் கொத்தை இறக்குவது போல மெதுவாக, சாய்த்து, உள்ளே

பயண நாள் 208. மதியம்

அறை அளவு அரை சதவீதம். தலை கழுவிவிட்டது போல இருக்கிறது. இறால் ஒன்று செத்துப்போனது, மற்றவை கீழே இறங்கிவிட்டன. குடுவை நீலம். முத்து இல்லை.

நேற்று எழுதியதைத் திருத்தவில்லை. அடுத்து வருகிறவர் படிக்கட்டும்.

கம்பி மாட்டியே இருக்கிறது. கட்டுப்பாடு இப்போது அம்மாவின் கையில். இரண்டு விரல் வெறுமை பாக்கி.

எழுதி அனுப்பினேன்: “ஸ்க்ரப்பர நீயே வச்சுக்க. நான் தொட மாட்டேன். ஆனா விளக்கு எரியும்போது காத்து அளவ ரெண்டுல நிறுத்து. எட்டு மணி நேரந்தான். நீ நிறுத்தலன்னா கம்பியத் திரும்பப் புடுங்குவேன். இந்தத் தடவ யோசிச்சுட்டுப் புடுங்குவேன்.”

அம்மா: “நேத்து செத்துப் பொழச்சவ பேசுற பேச்சா இது?”

நான்: “ஆமா.”



பயண நாள் 209. காலை

விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் ஸ்க்ரப்பரின் ஓசை தானாக நின்றது. நான் எதையும் தொடவில்லை.

அம்மா: “ஒரு மணிக்கொருக்க என்கிட்ட வாய்விட்டுப் பேசணும். எழுதப்படாது. கொரல் கொளறுச்சுன்னா அந்த நிமிசமே போட்டுவிட்டுருவேன், கேட்டியா?”

“கேட்டுச்சு” என்று சொன்னேன். வாயால்.

அம்மா: “என்ன நெறம்?”

“இன்னும் நீலம்மா. பச்சையாவும்.”

பயண நாள் 216. தோட்டக்கூடத்தில் தோணி நின்ற பின்

சுழற்சியை நிறுத்தவில்லை, கூடமும் எங்களோடு சேர்ந்து சுழல்கிறது. என் அறைக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர்களுடைய நடைவழி. அம்மா முன்னறைப் பக்கத்தில் பாறையை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

மூலையில் இன்னும் ஒரு விரல் அளவு வெறும் மண். மூடவில்லை.

சபூரா அக்கா திரையில் வந்தார். தலையில் ஈரத்துணி, முழங்கை வரை மண். “நீதானா ஜெரோமினா? தூக்கிக் காட்டும்மா. நம்ம வழக்கம் தெரியும்ல? ஒரே பாயா வரணும்.”

மாமா ரேடியோவில்: “கேமராவக் கொஞ்சம் வலது பக்கமாத் திருப்பி வையிட்டி.”

இடது மூலைக்கு நேராகத் திருப்பி வைத்தேன். இறால்களை டம்ளருக்கு மாற்றினேன். குழாய் போட்டுத் தண்ணீரை வடித்தேன். இரண்டு கைகளையும் வேருக்கு அடியில் விட்டு, பின்பக்கத்திலிருந்து தூக்கினேன். மண் உதிர்ந்தது. பாய் எழுந்தது. கனமாக, ஒரே துண்டாக, இடது மூலையில் ஒரு விரல் ஓட்டையோடு.

சபூரா அக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். “ஓட்டை இருக்கே, புள்ள.”

அம்மா எப்போது பேச்சுக்குள் வந்தாள் என்று தெரியவில்லை. “அந்த ஓட்டைக்குத்தான் ஏழு நாளு நான் அவ மூச்ச எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்” என்றாள்.



“இருக்கு” என்றேன். “அங்க வந்து அடைப்பேன்.”

பாயை ஈரத் தட்டில் பரப்பினேன். டம்ளரைத் தட்டின் மூலையில் வைத்தேன். சபூரா அக்கா பதில் சொல்லும் முன் நடைவழிக் கதவைத் திறந்துவிட்டேன்.