லேபல் உரித்த போத்தல்கள்

யதுவின் அப்பாவுக்கு,

மகளுக்கு இருமல் குறைந்துவிட்டது. காசநோய் என்று நெளுக்குளத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்லவில்லை.

யாராவது வாசித்துவிடுவார்கள் என்று இரண்டு மருந்துப் போத்தல்களிலும் லேபலை உரித்தேன். அதனால் மூன்று நாள் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கிளினிக் நேர்ஸ் ஏசவில்லை.

"காசநோய்க் குளிசை எச்.ஐ.வி. குளிசையின்ர பலத்தைக் குறைக்கும், அம்மா. அதுதான் எச்.ஐ.வி. குளிசைய ரெண்டு நேரம் குடுக்கச் சொன்னது," என்று ஒரு போத்தலில் சூரியனும், மற்றதில் சூரியனோடு நிலவும் கீறித் தந்தார். இப்போது யதுவே படம் பார்த்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள்.

"தகப்பனும் இரத்தம் சோதிக்கவேணும்," என்றார்.

மகளின் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து நாயாற்றில் கடல்தொழில் கூடுதல், வீட்டுக்கு வர முடியாது என்கிறீர்கள். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அலுமாரியில் மூன்றாவதாக இருக்கும் போத்தல் என்னுடையது. அதன் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா