காலியாக விட்ட கட்டம்

லூயிஸ்டவுன், மொன்டானா
மே 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஆர்லனுக்கு,

லோரீன் எழுதிக்கொள்வது. நானும் நாயும் சுகம். அலாஸ்கா எண்ணெய் வயலில் நீயும் சுகமாக, ஈரமில்லாத காலுறையோடு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே வர முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் அவசரம். துப்பாக்கிப் பட்டறை கிளெம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறான். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், பதிலை மட்டும் போனில் சொல். நம் இருவரின் குழல்களும் தேய்ந்துவிட்டன. சனிக்கிழமை அவன் கடைசல் இயந்திரம் காலி. அதை விட்டால் ஜூலை மாத ஆயிரம் கஜப் போட்டிக்குள் முடியாதாம். எந்தத் தோட்டாவுக்குக் குழல் போடுவது என்பதுதான் கேள்வி. "பழைய மேக்னமேதானா, இல்ல வேற ஏதாவதா? வெட்டின அப்புறம் மாத்திக் குடுன்னு வந்து நிக்காதே லோரீன், இது இரும்பு, கேக் இல்ல" என்கிறான்.

அந்தப் பெரிய மேக்னம் தோட்டாதான் என்று ஏப்ரலிலேயே எழுதிவிட்டாய். கனத்த குண்டைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று கணக்கும் போட்டிருந்தாய். கணக்கில் தப்பில்லை. வீட்டில் ஒரே மேசையில் தோட்டா நிரப்புகிறோம், இரண்டு விதம் வைத்தால் வெடிமருந்து மாறிப்போகும், ஆகவே ஒரே தோட்டா என்ற உன் சட்டமும் எனக்குத் தெரியும். பதினான்கு வருஷமாக அதன்படிதானே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேள். வழக்கம்போல என் சிநேகிதி ரோண்டாவோடு சுடும் மைதானத்துக்குப் போனேன். மான் கூட்டம் ஒன்று இலக்குகளுக்கு நடுவே வந்து நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் நகரவில்லை. சும்மா கிடந்த ரோண்டாவுக்குக் குறும்பு வந்துவிட்டது. மான்கள் போனதும், இன்று என் துப்பாக்கியில் தானே தோட்டா போடுவதாகச் சொன்னாள். இரண்டு வெடித்தன. மூன்றாவது, மருந்தே இல்லாத வெற்றுத் தோட்டா. துப்பாக்கி டிக் என்றது, அவ்வளவுதான். ஆனால் நான் தோளை உலுக்கி, குழல் முனையைத் தரையில் குத்தினேன். "அடியேய், சத்தமே வரல, நீ எதுக்குடி குதிக்கிறே?" என்று, படுத்துச் சுடும் பாயில் புரண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கண்ண மூடிட்டே, தெரியுமா?" என்றாள். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம், தோளில் விழும் மேக்னம் உதை எனக்குப் பூனைக்குட்டி மாதிரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவமானமாகப் போயிற்று.

குறிப்பேட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு கட்டம் போடுகிறோம் அல்லவா? குண்டு எங்கே போனது என்று நாம் நினைப்பது முதல் கட்டத்தில். இலக்குக்குக் கீழே குழியில் இருப்பவர்கள் இலக்கை இறக்கி, பட்ட இடத்தில் வில்லையைச் செருகி, மேலே ஏற்றிக் காட்டுவது இரண்டாவதில். வெடிக்கும்போது கண் திறந்திருந்தால்தான் முதல் கட்டத்தை நிரப்ப முடியும். ஆர்லன், மூன்று வருஷமாக நான் வில்லை மேலே வந்த பிறகுதான் முதல் கட்டத்தை எழுதுகிறேன். பார்த்து எழுதிய பரீட்சை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து உன் பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். சத்தியமாக உளவு பார்க்க இல்லை. கண் மூடாத மனிதனின் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். பதினொரு வருஷம் ஒரு கட்டம் விடாமல் எழுதியிருக்கிறாய். முந்தின வருஷம் ஆகஸ்ட் வந்ததும் முதல் கட்டம் காலி. அடுத்த போட்டியிலும் காலி. பக்கம் பக்கமாகக் காலி. நானாவது பொய் எழுதி நிரப்பினேன், உனக்கு அதற்கும் மனம் வரவில்லை. மேசைக்கடியில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. அந்த இலையுதிர் காலத்தில்தானே அலாஸ்கா வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய்? சுட நேரமில்லை, என் துப்பாக்கியும் சும்மா கிடக்க வேண்டாம், நீ சுடு என்றாய். இந்த வசந்தத்தில் மூன்று தடவை "இன்னும் மூணு வாரம்" என்று நீட்டிவிட்டாய். ஜூலை முழுக்க வேலை கேட்டிருக்கிறாயாம். இதை எனக்குச் சொன்னது நீ இல்லை, மளிகைக் கடையில் பார்த்த, உன்னோடு வேலை செய்யும் டென்னிஸின் மனைவி. கையில் ஆறு முட்டையோடு அசடாக நின்றேன்.

தோட்டத்தில் ருபார்ப் செடி தளதளவென்று வந்திருக்கிறது. தண்ணீர்க் குழாயின் கசிவை நானே அடைத்தேன். ஒரு வேலையிலும் மனம் நிலைகொள்ளவில்லை. தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைத் துடைக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்த் தபால்பெட்டியைப் பார்க்கிறேன்.

நேற்று ரோண்டாவின் ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டேன். சின்னத் தோட்டா. காற்று அதைத் தள்ளத்தான் செய்கிறது, நீ சொன்னது சரி. ஏழு குண்டு வரை என் இமையோடு போராட்டம். எட்டாவதில், இலக்கு இறங்குமுன்பே, "ஒன்பது, நாலு மணித் திசை" என்று கத்தினேன். வில்லை அதே இடத்தில் மேலே வந்தது. பத்துக்கு வெறும் ஒன்பதுதான். பத்துகள் எத்தனையோ அடித்திருக்கிறேன், அவற்றில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே இன்று காலை கிளெம்மிடம் எனக்கு ஆறரை என்று சொல்லிவிட்டேன். உன் சட்டத்தை உடைத்துவிட்டேன். மருந்து மாறாமல் இருக்க மேசை நடுவே சிவப்பு நாடா ஒட்டி, என் பக்கத்தைப் பிரித்துவிட்டேன். "ஆர்லன்கிட்ட கேட்டியா?" என்றான். இல்லை என்றேன். "அவன் குழலுக்கு என்ன?" என்றான். வெள்ளி வரை பொறு என்றேன்.

மேக்னம் என்று சொன்னால் மேக்னம், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆறரை என்றால் நாடாவைப் பிய்த்துவிடுகிறேன். கிளெம்மிடமோ ரோண்டாவிடமோ உன் குறிப்பேட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் ஜூலைப் போட்டிக்கு உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். புதுக் குறிப்பேட்டில் உன் பெயரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். வந்து சுடு. கண் மூடினால் மூடட்டும், முதல் கட்டம் காலியாகவே இருக்கட்டும். அதை உன்னிடம் யார் கேட்டார்கள்? உன் பக்கத்துப் பாய் காலியாகக் கிடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பனி வழுக்காமல், கை கால் பத்திரமாக, வீடு வந்து சேர்.

வலப்பக்கப் பாயில் காத்திருக்கும்,
லோரீன்