தின்னர் பட்ட லென்ஸ்

ஜூன் 12, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். மின்விசிறி போட்டால் தோல் தூசி பறக்கிறது. சிலிண்டருக்குப் பதிய வேண்டும், மறக்கக் கூடாது.

எங்கள் தோல் ஃபேக்டரி லேப்புக்குப் புது எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. கைக்கு அடக்கம், வெளிச்சமோ கண் கூசுகிறது. முன்னால் ஒரு லென்ஸ். ஒளி விரியாமல் நேராகப் போகிறது. எதிர்ச் சுவரில் விழும் வட்டமும் கிட்டத்தட்ட லென்ஸ் அளவுதான். தோலின் மேல் சாய்த்துப் பிடித்தால் உண்ணி கடித்த தடம், முள் கீறல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கின்றன. மேஜை விளக்கில் இத்தனை வருடம் என்ன பார்த்தேனோ.

லேப்பைப் பெருக்கித் துடைக்கும் மல்லிகா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, மாட்டோட ஜாதகமே தெரியுது!"

ஜூன் 13, புதன்
மதியம் 2. லென்ஸில் என் விரல் ரேகை. மைக்ராஸ்கோப்புக்குச் செய்வதுபோலவே தோலுக்குச் சாயம் பூசும் ஃபினிஷிங் பக்கமிருந்து, சாயம் கரைக்கும் தின்னர் கொஞ்சம், மெத்தென்ற தோல் துண்டில் தொட்டு ஒரு துடைப்பு. கண்ணாடி லென்ஸுக்கு இங்கே எல்லோரும் அப்படித்தான். இது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். கூட வந்த தாளில் எழுதியிருக்கிறது. முதலில் படிக்கவில்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி நான்.

கண்ணெதிரே பால் மாதிரி வெளுத்தது. போட்டுப் பார்த்தேன். வட்டம் இல்லை, சுவர் முழுக்கப் புகை. தோலில் ஒரு கீறலும் தெரியவில்லை.

துண்டு குப்பையில். விளக்கு பெட்டிக்குள். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 14, வியாழன்
பெட்டியைத் திறந்தவர் மேனேஜர் இத்ரீஸ் சாகிப். "யார் தொட்டது இத?"

நான் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பார்வை மல்லிகாவிடம் போனது. "ஏம்மா, சோப்புத் தண்ணி போட்டியா?"

"அய்யோ, நான் தொடவே இல்ல சார். அக்காவக் கேளுங்க."

என்னைக் கேட்டார். "காலைல எல்லாத்தையும் இவதான் தொடைப்பா சார்" என்றேன். பொய் இல்லை. அதுதான் கேவலம்.

ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார். எழுதினேன்: துடைக்கும்போது பழுது, மல்லிகா. முத்து முத்தான கையெழுத்து.

ஜூன் 15, வெள்ளி
மல்லிகாவை, ரோமம் கழல தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பச்சைத் தோல், ரோமம், ரப்பர் பூட்ஸ். ஏற்கெனவே கையில் சொறி. போன வருடம் நானே பேசித்தான் லேப்புக்குக் கொண்டுவந்தேன்.

கேன்டீனில் பின்னால் யாரோ: "படிச்சவங்க கூட வேல செஞ்சா நமக்குத்தான் பேஜார்."

என்னைச் சொல்கிறார்களா? திரும்பிப் பார்க்கவில்லை. டீ ஆறிவிட்டது.

சிலிண்டர் பதியவில்லை.

ஜூன் 17, ஞாயிறு
சர்ச்சில் திருவிருந்து ஆராதனை. இதை மனசில் வைத்துக்கொண்டு அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. பக்கத்திலிருந்த டீச்சர் கேட்டார், உடம்புக்கு என்ன என்று. தலைவலி என்றேன். இன்னொரு பொய்.

ஜூன் 18, திங்கள்
10 மணி. மேனேஜர் அறையில், லென்ஸைக் கெடுத்தது நான்தான் என்று நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். இத்ரீஸ் சாகிப் சிரித்தார்.

"அட, நீங்களா மேடம்! லென்ஸ் மட்டும் வேற வாங்கிக்கலாம். உக்காருங்க. வெளிய சொல்லாதீங்க."

அவளுக்குச் சுண்ணாம்பு. எனக்கு நாற்காலி.

"மல்லிகா?"

"ஒரு வாரம் போகட்டுமே."

"இன்னிக்கே சார்." குரல் உயர்ந்துவிட்டது. உட்காரவில்லை.

ரெஜிஸ்டரில் அவள் பெயரை அடித்து என் பெயர். மதியம் கேன்டீனில் எல்லோர் முன்னும் சொன்னேன். பிறகு யாரோ, "சரி, சாப்புடுங்க மேடம்."

ஜூன் 19, செவ்வாய்
லேசான தூறல். மல்லிகா வந்தாள். இரண்டு கையிலும் ஊதா மருந்து. மேஜை, தராசு, மைக்ராஸ்கோப், ஜன்னல் எல்லாம் துடைத்தாள். விளக்கை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள்.

"மல்லிகா, நான் செஞ்சது..."

"அத நீங்களே தொடச்சிக்கோங்க மேடம்."

வியாழக்கிழமை வரை நான் அவளுக்கு அக்கா.