தேள் அறையில் பூச்சிமருந்து அடித்தது குறித்து

அனுப்புநர்:
முனைவர் ஹூரியா பெல்கசம்,
இணைப்பேராசிரியர், உயிரியல் துறை,
தென்பாலைப் பல்கலைக்கழகம்,
ஐன் ஸரீஃப், அல்ஜீரியா.

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
மேற்படி பல்கலைக்கழகம்.

பொருள்: ஆய்வுக்கு வளர்த்த தேள்கள் பூச்சிமருந்தால் அழிந்தது – தேள் அறையைத் துறையிடம் திருப்பி ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. கோடை வந்தால் இவ்வூரில் தேள் கொட்டாத தெரு இல்லை. சாவது பெரும்பாலும் சிறு பிள்ளைகள். மருத்துவமனையில் போடும் முறிமருந்து நம் பகுதித் தேளின் விஷத்துக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்பது எங்கள் ஐயம். அதை ஆராயவே நானும் என் முனைவர் பட்ட மாணவி கனியா ஸெரூக்கியும் எங்கள் மாடியில் ஓர் அறையில் தேள்களை வளர்த்து வந்தோம். கரும்பலகைப் படத்தில் மட்டுமே தேளைப் பார்த்திருந்த இளநிலை மாணவர்களும் அந்த அறையில்தான் பாடம் படித்தார்கள்.

2. சென்ற மாதம் அமைச்சகக் குழு வருவதையொட்டி, நம் பல்கலைக்கழகப் பொதுச் செயலாளர் திரு. லஸ்ஹர் பூமத்யன் உத்தரவின்பேரில் கட்டடம் முழுக்க மருந்தடித்தார்கள். "உயிருள்ள தேள்கள், திறக்காதீர்" என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு அங்கே மட்டும் இரண்டு முறை அடித்தார்களாம்.

3. குட்டிகளை முதுகில் சுமந்தபடியே தாய்த்தேள்கள் செத்துக் கிடந்தன. செயலாளரிடம் முறையிட்டேன். "தேள் செத்ததுக்கு வருத்தப்படுற ஆளை இப்பதான் பாக்குறேன், டாக்டரம்மா! ஊரே எனக்கு நன்றி சொல்லும், போங்க" என்றார். மறுநாளே அறையில் விருந்தினருக்கு சோபா போட்டுப் பூட்டிவிட்டார்கள். வந்த குழு எங்கள் மாடிக்கு ஏறவே இல்லை.

4. குளிர் தொடங்கினால் தேள்கள் மண்ணுக்குள் போய்விடும். அடுத்த கோடைவரை கிடைக்காது. எனவே கனியாவுடன் பாழடைந்த பேரீச்சந்தோப்புக்குச் சென்று மீண்டும் பிடிக்கத் தொடங்கினேன். ஒரு கல்லைப் புரட்டுகையில் அவளைத் தேள் கொட்டியது. மருத்துவமனையில் முறிமருந்து போட்ட பிறகும் மறுநாள்வரை வாந்தியும் நடுக்கமும் நிற்கவில்லை. அவள் தந்தை என்னிடம், "எம் பொண்ணு படிக்க வந்தாளா, சாக வந்தாளா? சொல்லுங்கம்மா" என்று கேட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து என்னைத் தவிர வேறு யாரும் அங்கே வந்து நிற்கவில்லை.

5. கனியா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் அவள் கேட்டது, "பிடிச்சதெல்லாம் உசுரோட இருக்கா மேடம்?" என்பதுதான்.

6. அனுமதியின்றி மாணவியை ஆபத்துக்கு உள்ளாக்கியதாக விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்துள்ளது. அதில் கையொப்பமிட்டிருப்பவர் திரு. பூமத்யன். விசாரணைக்கு நான் வருகிறேன். அவரையும் அழைக்க வேண்டுகிறேன்.

சோபாவை அகற்றி அறையை எங்களிடம் ஒப்படைக்கவும், இனித் துறையைக் கேளாமல் மருந்தடிக்கக் கூடாதென எழுத்துமூலம் ஆணையிடவும் பணிவுடன் கோருகிறேன். புதிதாகப் பிடித்த தேள்கள் தற்போது என் அலுவலக அலமாரியில், உயிரோடு இருக்கின்றன. முடிவெடுக்கத் தாமதமாகுமெனில், மருந்தடிப்பவர்கள் என் அறைப்பக்கம் வர வேண்டாம் என்று மட்டுமாவது இன்றே சொல்லி அனுப்புங்கள்.

இடம்: ஐன் ஸரீஃப்
நாள்: அக்டோபர் 14

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ஹூரியா பெல்கசம்