கடல் பக்கத்துச் சுவர்

2010 யூலை 6, செவ்வாய்
கச்சான் காத்து அனலா அடிக்குது. கடை முழுக்க சீமெந்துத் தூசி. கம்பி லொறி இன்னும் வரல்ல.

மருமகன் பஹ்மி நேத்தும் இரவு வீட்ட இல்ல. அந்தியானா லெப்டொப்பைத் தூக்கிட்டு அக்கரைப்பற்றுக்கு, அவர்ர உம்மா வீட்ட. கலியாணம் முடிஞ்சி மூணு மாசம். மகளுக்குச் சீதனமா வீடு கட்டிக் குடுத்தும் மாப்பிள்ளை தங்குறார் இல்ல.

பக்கத்து வீட்டு மரீனா: "உங்கட கோட்டைக்குள்ள மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டுதாக்கும், காக்கா." சிரிச்சிட்டு வந்தன். உள்ளுக்குள்ள எரிச்சல்.

மகள் ரிஸ்னாட்ட கேட்டன். "ஒண்டுமில்ல வாப்பா." கண் சிவப்பு.

யூலை 7, புதன்
மகள்ர வீட்ட இருந்து லொறிக்காரனுக்குக் கோல் எடுத்தன். போகல்ல. வாசலுக்கு வந்தா போன்ல சிக்னல் ரெண்டு கோடு. ரோட்டுல நாலு. மொட்டை மாடியில முழுசு. திரும்ப அறைக்குள்ள, ஒண்டுமில்ல.

அப்பதான் உறைச்சது. மருமகன்ர வேலை, கொழும்புக் கொம்பனிக்கு வீட்டுப் பிளான் கீறி இன்டர்நெட்டுல அனுப்புற.

அந்தியில அவர் புறப்படக்குள்ள மறிச்சன்.
"சிக்னல் இல்லாமத்தான் போறீங்களா?"
"ஓம் மாமா."
"ஏன் சொல்லல்ல?"
"நீங்க தந்த வீட்டுக்கு எப்படிக் குறை சொல்ற?" பிறகு, மெதுவா: "கொம்பனி கொழும்புக்கே வரச் சொல்லுது. ரிஸ்னாவையும் கூட்டிட்டுப் போக யோசிக்கன்."

நாளைக்கு ஆளைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டணும்.

யூலை 8, வியாழன்
போன் கடை நசீரைக் கூட்டிப் போய்க் காட்டின. அவன் சொன்னது:
– டவர் கடற்கரைப் பக்கம். சிக்னலும் வெளிச்சம் மாதிரி. கம்பியும் கொங்கிறீட்டும் மறிக்கும், ஜன்னலால நுழையும்.
– மற்றக் கொம்பனி சிம் சரிவராது. அவங்கட டவர் மாவடிப்பள்ளிப் பக்கம், தூரம்.
– அந்தியில ஊரே இன்டர்நெட் பாவிக்கிற. ஒரு குழாயில எல்லாரும் தண்ணி பிடிச்ச மாதிரி, ஸ்பீட் குறையும்.
அக்கரைப்பற்றுல மட்டும் எப்படி எண்டு கேட்டன். அது ஓட்டு வீடு, டவரும் கிட்ட எண்டான்.

சுவரைத் தட்டிப் பாத்தான். "என்ன காக்கா, பாலத்துக் கம்பியா போட்டீங்க?"

கிட்டத்தட்ட. சுனாமியில ரிஸ்னாட உம்மா போன பிறகு கட்டின வீடு. கடையில இருந்த நல்ல கம்பியெல்லாம் கடல் பக்கச் சுவருக்கு. அந்தப் பக்கம் ஜன்னல் எங்க எண்டு மேசன் கேட்டான். வேணாமெண்டன்.

யூலை 11, ஞாயிறு
அதே மேசனைக் கூப்பிட்டன். "அண்டைக்கே கேட்டன் ஹாஜியார்." பேசாம கடல் பக்கச் சுவரை உடை எண்டன். பின்னேரம் வரைக்கும் உடைச்சான்.

மருமகன் மேசையைத் துவாரத்துக்குக் கிட்டப் போட்டார். மூணு கோடு. பிளான் போயிட்டுது, மெதுவாத்தான். அக்கரைப்பற்றுக்குப் போகல்ல. கொழும்புக் கதையும் எடுக்கல்ல.

துவாரத்தால கடல் தெரியுது. ரிஸ்னா பாத்துக்கொண்டு நிண்டாள். நானும்.

"சீலை போட்டு மறைக்கவா, வாப்பா?"
"இப்ப வேணாம்."