பதினோராம் நம்பர் கம்பி

இன்று பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் சுரமானியைத் தொட்டேன். ஒரு மரப்பெட்டி, அதன் மேல் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி, நுனியில் தொங்கும் எடைகள். எடையைக் கூட்டினால் சுருதி உயரும் என்று பாடம் எடுத்த சேர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் விரலை முகர்ந்து பார்த்தேன். ஈர இரும்பின் மணம். உன் இடக்கை விரல்கள் எப்போதும் அப்படித்தான் மணக்கும். நீ என் பக்கத்து வாங்கில் இருந்த நாட்களில் நான் முகத்தைச் சுளித்தால், "சோப்புப் போட்டா சோப்புக்குத்தான் இந்த வாசம் புடிக்குது புள்ள" என்பாய்.

நீ போய் ஐந்து மாதம். இந்த மடலை நீ படிக்கமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த எலக்ட்ரிக் கிட்டார், கொழும்பு ஹோட்டல்களில் வாசித்த உன் மாமா வெளிநாடு போகும்போது உங்கள் தோட்டத்து லய வீட்டில் விட்டுப்போனது. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோயில் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு இரண்டு தரம் ஓடினால் மூன்றாம் தரம் அது உன் விரலில் இருக்கும். நான் நேர்மாறு. உரப்பையில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் வாசிப்பவள். அதனால் நீ எனக்கு வைத்த பெயர் வாத்தியாரம்மா. உனக்குக் காது, எனக்குக் கண் என்று நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

போன வருடத் திருவிழாக் கச்சேரி பேச ஹட்டனிலிருந்து இசைக்குழு அண்ணன் தோட்டத்துக்கு வந்தார். கீபோர்ட் வாசிப்பவர், குழுவை நடத்துபவரும் அவரே. அவருடைய கிட்டார்காரர் விலகிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நீ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றாய். அவர் முழுதாகக் கேட்டார்.

"கை நல்லாத்தான் ஓடுது தங்கச்சி. சத்தம்தான் ஊசி மாதிரி குத்துது. கனமா வரணும்."

"கனமா வந்தா?"

"சனிக்கிழம திருவிழாவுல ஒரு பாட்டு தர்றேன். சரியா இருந்தா குழுவுல சேந்துக்க. இல்லாட்டி என்னயக் கொற சொல்லாத."

தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் திரும்பி வரும்போது "ஒரு பாட்டு, ஒரு பாட்டு" என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். அதற்கு முன் நீ எதையும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று நான் போனில் தேடினேன். கம்பி தடித்தால் ஒலியும் தடிக்கும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அந்த வரியோடு கீழே ஓடிவந்தேன். அதற்கும் கீழே இரண்டு பந்திகள் இருந்தன. நான் வாசிக்கவில்லை. உரப்பையை வாசிக்கிறவள் அதை வாசிக்கவில்லை.

ஹட்டன் இசைக்கருவிக் கடையில் தடித்த கம்பியாகப் பதினோராம் நம்பர் கேட்டோம். கடைக்கார நானா உன் பழைய கம்பியை விரலில் உருட்டிப் பார்த்தார். "இது ஒம்பதாம் நம்பர். ஒம்பது போட்ட கிட்டாருக்குப் பதினொண்டா? யோசிச்சு எடுங்க மகள்." நீ என்னைப் பார்த்தாய். பதினொன்றுதான் என்றேன், மனப்பாடம் ஒப்பிப்பவள் போல.

வியாழக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். பழசைக் கொஞ்சமும் மிச்சம் வைக்கக்கூடாது, தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி மொத்தமாக எடுத்துவிட்டால்தான் புதுசு நன்றாக வரும் என்று முடிவு செய்தோம். முழு மலையையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிடுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு வேறு என்ன தோன்றும்? ஆறு கம்பியையும் ஒன்றாகக் கழற்றினாய். கொழுந்துக் கூடையோடு வந்த உன் அம்மா நின்று பார்த்தார்.

"என்னடி, கிட்டாருக்கும் கவ்வாத்தா? அப்ப இன்னும் மூணு மாசத்துக்குக் கொழுந்து வராது."

நாம் சிரித்து முடிப்பதற்குள் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், பின்பக்கம் அமுங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. புதுக் கம்பிகளைப் பூட்டி முறுக்கியதும் அதே பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்தது. ஒரு கம்பியைச் சுருதிக்குக் கொண்டுவந்தால் மற்ற ஐந்தும் இறங்கின. அவற்றை ஏற்றினால் முதலாவது இறங்கியது. கம்பிகள் எவ்வளவு உயரத்தில் நின்றன என்றால், அழுத்தி அழுத்தி உன் விரல்நுனி சிவந்துவிட்டது. நீ என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்று மட்டும் சொன்னாய். குரல் சரியாக இல்லை.

நான் நேரே தொட்டி மேட்டுக்குப் போனேன். மீதி இரண்டு பந்தியையும் வாசித்தேன். முன்னால் கம்பிகள் இழுக்கின்றன, முதுகுக்குள் இருக்கும் சுருள்வில்கள் பின்னால் இழுக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் சமமாக நிற்பதுதான் பிரிட்ஜ். அதனால் கம்பியை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். தடித்த கம்பி கூடுதலாக இழுக்கும், முதலில் வில்களை இறுக்க வேண்டும். நமக்கு நடந்தது எல்லாம் அங்கே எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அதைச் சொல்லிவிடத்தான் வந்தேன். நீ கிட்டாரைக் குப்புறப் போட்டு முதுகு மூடியைத் திறந்து வைத்திருந்தாய். நான் வாசித்துத் தெரிந்துகொண்டதை நீ பார்த்தே கண்டுபிடித்திருந்தாய். வில்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணியையும் அவை போகும் மட்டும் இறுக்கிவிட்டாய். அது போதவில்லை. அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, அடுப்புக்கு வைத்திருந்த தேயிலை மிலாறுக் குச்சியில் ஒரு துண்டை ஆப்பு மாதிரி சீவிக்கொண்டிருந்தாய்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"பேசாத. கேளு."

பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் இரும்புக் கட்டைக்கும் குழியின் பின்சுவருக்கும் இடையே ஆப்பைச் செருகித் தட்டினாய். கம்பிகளை முறுக்கினாய். பிரிட்ஜ் எழவில்லை. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் இருக்கையையும் ஊசி முனை அளவு இறக்கினாய். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னாய். வெறும் கம்பி, அதே கம்பி நடுவில் அழுத்தி, மறுபடி வெறும் கம்பி என்று மீட்டிக் காட்டினாய். "அழுத்தினது சுருதி கூடுதலா இருக்கா?" இருந்தது. இருக்கையை ஒரு சுற்றுப் பின்னுக்கு நகர்த்தினாய். "இப்ப?" என் காதையும் ஒரு காதாக மதித்து நீ கேட்டாய். ஆறு கம்பிக்கும் மத்தியானம் வரை ஆனது. கடைசியில் ஆறையும் சேர்த்து மீட்டியபோது நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஊசிக்குத்தல் போயிருந்தது. ஒலி உருண்டையாக வந்து, நீ கையை எடுத்த பிறகும் நின்றது.

சனிக்கிழமை மேடையில் கம்பியைத் தடவிப் பார்த்ததும் அண்ணனின் முகம் மாறியது. "கம்பி புதுசா இருக்கே, இப்பயா மாத்தின? அதுவும் பதினொண்ணு? எவன் சொன்னது? நடுவுல சுருதி எறங்குனா எனக்குத்தான் அசிங்கம்."

நான் மேடைக்குக் கீழே, நான்கு அடி தூரத்தில் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

"நான்தாண்ணே போட்டேன். எறங்காது."

இறங்கவில்லை. மூடுபனியில் ஊறிய அந்தக் கோயில் மைதானத்தில் நீ இழுத்துப் பிடித்த ஒரு சுரம் பந்தல் கடைசி வரை தேயாமல் போனதைக் கேட்டேன். உன் அப்பா கைதட்ட மறந்து நின்றார். பாட்டு முடிந்ததும் அண்ணன் அடுத்த பாட்டுக்கும் உன்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அதற்குப் பிறகு வட்டகொடை, வலப்பனை என்று எங்கே திருவிழா என்றாலும் அந்த வேனில் உனக்கு ஓர் இடம் இருந்தது. மார்கழியில் வந்த காய்ச்சல் ஒன்பது நாளில் உன்னைக் கொண்டுபோகும் வரை.

அந்த மாதங்களில் ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீ வேறு ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவாய், நானும் அதையே சாக்காக வைத்துக்கொள்வேன்.

போன வாரம் இந்த வருடத் திருவிழா பேச அண்ணன் வந்திருந்தார். நேரே போய்ச் சொல்லிவிட்டேன். "பதினொண்ணு போடச் சொன்னது நான்தாண்ணே. முழுசா வாசிக்காம சொல்லிட்டேன். அவ மேல ஒரு பெழையும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "தெரியுமே தங்கச்சி. அன்னிக்கு மேடைய விட்டு எறங்குனதும், எப்படிடி இந்தச் சத்தத்தப் புடிச்சன்னு கேட்டேன். ஒன்னயக் கை காட்டினா. 'அதோ நிக்கிறால்ல, பதினொண்ணு போடச் சொன்னவ அவதான். ஒவ்வொரு கம்பியும் சுருதி கூடுதலா இருந்ததக் காதால கண்டுபுடிச்சதும் அவதான்'னா. நீ அந்தப் பக்கம் வயர் சுருட்டிக்கிட்டு இருந்த."

வயர் சுருட்டியது நினைவிருக்கிறது. நீ என் பக்கம் கை காட்டியதும் நினைவிருக்கிறது. தண்ணீர் கேட்கிறாய் என்று நினைத்துப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ வாங்கிக் குடித்தாய்.