முருகையாவின் இருமல்

கோலா கெத்தில்
புரட்டாசி மூன்றாம் சனி கழிந்த திங்கட்கிழமை

அன்பு மகள் குணசுந்தரிக்கு,

அப்பா குழந்தைவேலு வாய்விட்டுச் சொல்ல, சிவபாக்கியம் டீச்சர் கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் விழுந்து கிடக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி அண்டாமல் இருக்க மாரியாத்தாள் காவல் நிற்கட்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை பெய்கிறது, துரியான் விலை ஏறிவிட்டது என்று பேசி முடித்துவிடுவேன், நாற்பது வருஷமாக அப்படித்தான் முடித்திருக்கிறேன். டீச்சர் யாழ்ப்பாணத்து வழி, திருத்தமான தமிழ், என் பேச்சை அப்படியே போடுங்கள் என்றால் கேட்கமாட்டார். ஆகையால் இதில் எங்காவது நான் படித்தவன் போலத் தெரிந்தால் அது அவர் கைவேலை, கோபமும் வயிற்றெரிச்சலும் மட்டும் என்னுடையது.

வயிற்றெரிச்சல் யார்மேல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முருகையா இப்போது சினிமா நடிகன் ஆகிவிட்டான். நம் கோயில் மண்டபத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள், கூலிம் ஹைடெக் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் புவனேசன்தான் எல்லாவற்றுக்கும் தலை, போனிலேயே பிடித்தான். கிளினிக் நர்ஸ் ரஜனி சொல்லித்தான் ஆரம்பித்தது. தோட்டத்துப் பக்கம் இன்னும் டிபி இருக்கிறதாம், அதை மறைத்து மறைத்தே முற்றவிடுகிறார்களாம். சுவரில் ஒட்டும் நோட்டீஸ் மலாயில் இருக்கிறது, தமிழில் இருந்தால் காசநோய் என்று போட்டிருக்கிறது, அது ஏதோ காசு பிடிக்கிற வியாதி என்று நினைத்தவர்களும் உண்டு. அதனால் நாம் பேசுகிற பேச்சிலேயே, நம் ஆட்களை வைத்தே ஒரு படம். நோயாளி வேஷத்துக்கு ஆள் தேடினார்கள். தொண்டையும் மீசையும் பெரிது என்று முருகையாவைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு எழுபத்தேழு வயது, அவனுக்கு எழுபத்தாறு, நான்தான் ஒரு சுற்று இளைத்தவன், பார்த்தாலே நோயாளி மாதிரி இருப்பேன், என்னை ஒருவரும் கேட்கவில்லை. எழுபத்தொன்றாம் வருஷம் நான் வெட்டிய ரப்பர் மர நிரையில் பால் அதிகம், ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். கோயில் தலைவர் அவன். மகன் வாங்கிக்கொடுத்த மூலை வீடும் அவனுக்கு. இப்போது நோயும் அவனுக்குத்தான் என்றால் நான் எங்கே போவது?

படம் பிடிக்கும் இடத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். இவன் இருமுகிறான். மகளே, அது இருமலா? தெரு நாய் லாரியைப் பார்த்துக் குரைக்கிற மாதிரி. மூன்று முறை குரைத்துவிட்டு, எப்படி என்று சுற்றியிருந்தவர்களைப் பார்க்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. அது இல்லை தம்பி, டிபி இருமல் தொண்டையில் வராது, விலாவில் கிளம்பும், இருமி முடித்தவன் ஊரைப் பார்க்கமாட்டான், முதலில் கைக்குட்டையைத்தான் பார்ப்பான், பார்த்ததும் மடித்துவிடுவான் என்று புவனேசனிடம் சொல்லிவிட்டேன். மண்டபமே என் பக்கம் திரும்பியது. முருகையா விடுவானா, நீ என்னா பெரிய டாக்டரா வேலு, எங்க போய் பாத்துட்டு வந்தே என்று கேட்டான். ஜொகூரில் ஒருத்தன் இருந்தான், அவனைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். அவன் சிரித்தான். ரஜனி சிரிக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று நாள் நான்தான் அவனுக்கு இருமக் கற்றுக்கொடுத்தேன். மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், முதல் நாள் பார்த்தவன் பயந்துபோவான், அதையும் படத்தில் வையுங்கள் என்று சொன்னேன், வைத்தார்கள். அந்த இடத்தில்தான் ஜனங்கள் அதிகமாகச் சிரித்தார்கள், அந்தப் பேரும் முருகையாவுக்கே போயிற்று.

ஆடி வெள்ளியன்று பூஜை முடிந்து மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். செமிலிங்கிலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். முருகையா ஜிப்பா போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் கைக்குட்டையைப் பார்த்து மடிக்கிற இடம் வந்தது. உன் அம்மா அழுகிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அந்த முருகையாவின் இருமலுக்கு அழுகிறாள். நான் இருமினபோது இந்த பிரேமாவதி ஒரு சொட்டு விட்டவள் இல்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றவள். கடைசியில் பேர்களும் போட்டார்களாம். என் பேர் இருந்ததா என்று பிறகு டீச்சரைக் கேட்டேன், இல்லை என்றார்.

நான் இருமினபோது என்று சொல்லிவிட்டேன் பார். டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்கள் டீச்சர், இதற்காகத்தான் வந்தேன்.

குணா, ஜொகூரில் ஒருத்தனும் இல்லை, அது நான்தான். எண்பத்தைந்தாம் வருஷம், மே மாதம், நீ பிறந்து இருபத்திரண்டாவது மாதம். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது இருமினேன், துண்டில் ரத்தம். பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்தேன், தினம் இடுப்பில் ஊசி. தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஜொகூரில் சித்தப்பா மகன் தோட்டத்துக்கு ஆள் போதவில்லை, உதவிக்குப் போயிருக்கிறார் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டு, என் நிரையையும் சேர்த்து வெட்டினாள். அந்தக் காலத்தில் இது வந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், கோயிலில் தட்டை நீட்டினால் திருநீற்றைத் தூரத்தில் நின்று தூவுவார்கள், பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நீ ஒரு பெண்பிள்ளை வேறு. வெளியே வந்தபிறகு மாத்திரை வாங்கக்கூட இங்கே போகவில்லை, பஸ் ஏறி சுங்கை பட்டாணிக்குப் போய் வாங்கினேன். வார்டில் தரை துடைக்கிற ஆள் ஒருத்தன், நல்லவன்தான், அண்ணே புள்ளய கிட்ட சேத்துராதீங்க, தட்டு கோப்ப தனியா வச்சுக்குங்க என்று சொல்லி அனுப்பினான். எதுவரைக்கும் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் வீட்டில் அந்தப் பச்சை விளிம்புக் கோப்பை உனக்கு ஞாபகம் இருக்கும். சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை அதில் தண்ணீர் மொண்டு குடிக்கப் போனாய், நான் பிடுங்கி எறிந்தேன், நீ ஓடி அம்மா பின்னால் ஒளிந்தாய். எண்பத்தேழு பங்குனித் தேருக்கு உனக்கு மூன்றரை வயது. கூட்டத்தில் சாமி தெரியவில்லை என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முருகையா வந்து, ஏன்டா புள்ள அழுவுது, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டு உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். நீ அவன் முடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மஞ்சள் கவுன், கால் கொலுசில் ஒரு முத்து இல்லை. அவன்மேல் எனக்குள்ள எரிச்சல் மண்டோர் வேலையாலும் மூலை வீட்டாலும் வந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அது அன்றைக்கு வந்தது. அயர்லாந்துக்குக் கிளம்புகிற அன்று நீ உள் அறையில் அம்மாவிடம், அப்பாவுக்கு நான் பொம்பளப் புள்ளயா பொறந்ததே புடிக்கல, ஒரு நாள் தூக்குனதில்ல என்று சொன்னாய். சுவர் பலகைச் சுவர், எனக்குக் கேட்டது. வெளியே வந்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். கடைசிக் காட்சியில் ரஜனி நர்ஸாகவே வந்து முருகையாவிடம் சொல்கிறாள், அண்ணே, இது கோப்பையில தட்டுல எல்லாம் ஒட்டாதுலா, காத்துலதான் பரவும், மாத்திரைய விடாம சாப்ட்டா கொஞ்ச வாரத்துல அதுவும் நின்னுரும், டாக்டரும் சரின்னு சொல்லிட்டாரு, இன்னும் ஏன் ஒதுங்கி நிக்கிறீங்க, புள்ளய தூக்குங்க என்று. அவன் தூக்கினான். தேர் வருகிற மாதிரி வைத்து, ஒரு சின்னப் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் எழுந்து செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாற்பது வருஷம் ஒருவரும் என் காதில் போடாத ஒரு வார்த்தையை, என் பேச்சிலேயே, அவனுக்கல்லவா சொன்னாள்!

மாத்திரையெல்லாம் தின்று முடித்து, ஆஸ்பத்திரியில் கணக்கு முடித்தபோது எனக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். மலாயில் எழுதி முத்திரை குத்தியது. எனக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவனிடம் காட்டினால் நோய் வெளியே தெரியும். பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் பெட்டியில் வைத்துவிட்டேன். அதில் என்னவோ கெட்டது எழுதியிருக்கிறது என்றே இருந்தேன். படம் பார்த்த மறுநாள் அதை ரஜனியிடம் கொண்டுபோனேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அவள் படித்தாள். முழுக் குணம், வேலைக்குத் திரும்பலாம், குடும்பத்தோடு எப்போதும்போல் இருக்கலாம் என்று இருக்கிறதாம். தேதி எண்பத்தாறு பிப்ரவரி. தேர் வந்தது அதற்கு அடுத்த வருஷம். நான் அங்கேயே அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அடுத்த நம்பரைக் கூப்பிடாமல் அவளும் இருந்தாள்.

படம் பார்த்துவிட்டு நான்கு பேர் தாமாகவே வந்து சோதனைக்குச் சளி கொடுத்தார்களாம். அதில் கூலிம் ஃபேக்டரி ஆள் ஒருவர், அந்தப் பெரியவருக்கு நெஜமாவே வந்துச்சா சிஸ்டர் என்று கேட்டாராம். இல்லை, நடிப்பு என்றதும் முகம் சுருங்கிவிட்டதாம். அதனால் இரண்டாவது படத்தில் உண்மையாக நோய் வந்தவரே முகத்தைக் காட்டிப் பேச வேண்டும் என்று ரஜனி என்னைக் கேட்கிறாள். ஆள் தேடுவதைக் கேள்விப்பட்டு முருகையா புவனேசனிடம், ஆள் கெடைக்கலன்னா சொல்லுலா, எனக்கு வந்துச்சுன்னு நானே சொல்லிடறேன் என்றானாம். நாற்பது வருஷம் நான் ஒளித்து வைத்ததை அவன் மாலை மாதிரி எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளத் தயார்! நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் படம் போன் போனாகப் போகும், உன்னிடமும் வரும், உன் மாமனார் வீட்டாரிடமும் போகும். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் மறைத்தது அவர்களுக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நீ இதை என் வாயால் கேட்க வேண்டும். தீபாவளி கழிந்த ஞாயிறு பிடிக்கிறார்கள். உனக்குத் தலைகுனிவு என்றால் வேண்டாம் என்று சொல், நிறுத்திவிடுகிறேன். சொல்லும்போது, நான் விட்டால் அந்த இடத்தில் யார் உட்காருவான் என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, புரட்டாசி விரதம் என்று பாதி வயிறுதான் சாப்பிடுகிறாள். நீ காலுறை போடாமல் குளிர்த் தரையில் நடக்காதே. யாராவது மூன்று வாரம் விடாமல் இருமினால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நேற்றுக் காலை உன் அம்மா என் பச்சை விளிம்புக் கோப்பையில் தேநீரை ஊற்றி, என்னிடம் கொடுக்காமல், தானே குடித்தாள். நான் பார்த்தேன். என்னா பாக்குறீங்க, மத்ததெல்லாம் கழுவாம கெடக்கு என்றாள். மற்றதெல்லாம் கழுவிக் கவிழ்த்துத்தான் இருந்தது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டு வாழ வேண்டும். பேத்தியின் தலையில் என் கையை வைத்து ஆசீர்வதித்ததாகச் சொல். பங்குனிக்கு வருவதாகச் சொன்னதை மறக்காதே. தேர் வரும்போது முருகையா கையை நீட்டுவான், அவன் பழக்கம் அது, பிள்ளையை அவனிடம் கொடுத்துவிடாதே. என் தோளில் பலம் இருக்கிறதா என்று தினம் சாயங்காலம் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து முற்றத்தில் நடந்து பார்க்கிறேன். இப்போது பத்துக் கிலோவுக்கு வந்துவிட்டேன். அவள் எத்தனை கிலோ என்று எழுது.

டீச்சர் இதைப் போனில் படம் பிடித்தும் அனுப்புவார், தபாலிலும் போடச் சொல்லியிருக்கிறேன், கைநாட்டு போனில் சரியாக விழாது.

உன்னைத் தூக்காத அப்பா,
குழந்தைவேலு
(இடது பெருவிரல்)